நாற்பத்தெட்டுப் பெட்டிகள்

"தொட்டுடாதீங்க சார், கொதிக்குது. ராப்பகலா ஓடுதில்ல" என்றார் பேராசிரியர் தெய்வசிகாமணி.

பார்வையிட வந்திருந்த தணிகாசலம் பெட்டியைத் தொட்டே பார்த்தார். சுட்டது. போன வருஷம் தம் கல்லூரியிலும் கணினிக் கிளஸ்டரை இப்படித்தான் பெரிதாக்கினார்கள், ஒவ்வொரு பெட்டியையும் கூட இருந்து மாட்டியது தாம்தான் என்றார். விவரமான ஆள் என்று சரிதாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மூலக்குளத்தைத் தாண்டி இருந்த அந்தக் கல்லூரியில் பழைய கணினிகள் பதினாறு. அவற்றை ஒன்றாகக் கோத்து, இன்னொரு சுனாமி வந்தால் புதுச்சேரிக்குள் கடல் எதுவரை ஏறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள் சரிதா. முடியப் பதினாலு மாதம் ஆகும். அவளுடைய ஆராய்ச்சிக்கு மிச்சமிருந்ததோ ஆறு மாதம். இன்னும் நாற்பத்தெட்டு சேர்ந்தால் நாலே மாதத்தில் முடித்துவிடலாம்.

நாற்பத்தெட்டுக்கும் டெல்லியிலிருந்து பணம் வந்தது. வந்த பணம் கல்லூரி வாசலில் நாலு யானை வைத்த வளைவாக எழுந்து நின்றது.

வாங்கியதைப் பார்க்க டெல்லி ஆள் அனுப்புகிறது என்றதும் அட்டெண்டர் கன்னியப்பன், நெல்லித்தோப்புக் கடைகளில் இருந்த நூறு வாட்ஸ் குண்டு பல்புகளை அள்ளி வந்து, நாற்பத்தெட்டுக் காலிக் கணினிப் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, பெட்டிக்கு ஒன்றாக மாட்டினார். அந்த வாரம் நெல்லித்தோப்பில் பல்பு போன வீடுகளெல்லாம் மெழுகுவத்தியில்தான் சாப்பிட்டன. பெட்டி முகப்பில் மினுக்குவதற்குத் திருவிழா சீரியல் செட்.

"பாரும்மா, உன் ஆராய்ச்சிக்கு வெளிச்சம் வந்துடுச்சு" என்றார் கன்னியப்பன்.

சரிதா வாயைத் திறக்க முடியாது. அவள் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவர் தெய்வசிகாமணி. அதனால் காலையிலேயே வந்து, மூன்றாம் வரிசையில் ஒரு பெட்டியின் திருகுகளைக் கழற்றி வைத்திருந்தாள். வந்தவர் தம் கண்ணாலேயே பார்க்கட்டும். குட்டு வெளிப்பட்டால் நிஜக் கணினி வாங்கித்தானே தீரவேண்டும்.

தணிகாசலம் பெட்டி பெட்டியாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தார். மூன்றாம் வரிசையில் மூடி கையோடு வந்துவிட்டது. நூறு வாட்ஸ் வெளிச்சம் அவர் முகத்தில் பளீரென்று அடித்தது.

தெய்வசிகாமணி சுவரைப் பிடித்துக்கொண்டார். சரிதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

தணிகாசலம் மூடியைப் பொருத்திப் பொறுமையாக அழுத்தினார். அறிக்கையில் 'அனைத்தும் இயங்குகின்றன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தெய்வசிகாமணியின் தோளில் கை போட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சத்தம் பத்தல சார். எங்க காலேஜ்ல பெட்டிக்குள்ள ஒரு சின்ன ஃபேனும் வெச்சிருக்கோம்."