எறும்பு மருந்து

சக்கரவர்த்திக்குச் சுகர் இருப்பதை முதலில் காட்டிக்கொடுத்தவை எறும்புகள்தான். பாத்ரூமில் அவர் சிறுநீர் கழித்த இடத்தில் வரிசையாக வந்து மொய்த்தன. ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

போன மாதத்திலிருந்து அந்த எறும்புகள் வந்த இடத்திலேயே செத்துக் கிடந்தன. அவர் மனைவி பொன்னிக்குச் சந்தேகம் வந்தது. வெளியே ஸ்வீட் தின்றுவிட்டு, எறும்பு வந்தால் தெரிந்துவிடும் என்று மருந்து தூவுகிறாரோ?

"இன்னாங்க, எறும்பு மருந்து போட்டீங்களா?"

"நான் மருந்தத் தொட்டே ஆறு வருஷம் ஆவுது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். கீழ்பென்னாத்தூரில் இருபத்திரண்டு வருடம் ஊரார் நிலங்களுக்கெல்லாம் பூச்சிமருந்து அடித்தவர். மருந்தில் நனைந்து வந்த லுங்கிகளைக் கையால் துவைத்தவளே அவள்தான். இப்போது அவர் கிரிவலப் பாதையில் ஒரு லாட்ஜுக்கு வாட்ச்மேன். இருந்தாலும் அவள் நம்பவில்லை. சட்டைப் பை, பரண், சைக்கிள் பை எல்லாம் துழாவினாள். எதுவும் சிக்கவில்லை.

பௌர்ணமிக்கு அவர் இரண்டு நாள் லாட்ஜிலேயே தங்கினார். அவர் கிளம்பியதும் பொன்னி பாத்ரூமைத் தேய்த்துக் கழுவிவிட்டாள்.

மறுநாள் காலை சுவரோரமாக எறும்புகள் வந்திருந்தன. அத்தனையும் செத்துக் கிடந்தன.

உடனே போன் போட்டாள். "ராத்திரி வீட்டுக்கு வந்துட்டுப் போனீங்களா?"

"கேட்ட விட்டே நவுரல. கூட்டம் ஜாஸ்தி. ஏன்?"

அவள் போனை வைத்தாள். நேற்றிலிருந்து அந்தப் பாத்ரூமில் சிறுநீர் கழித்தது அவள் ஒருத்திதான்.

பொன்னி தன் உள்ளங்கைகளை முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. நன்றாகக் கழுவிவிட்டு, மறுபடியும் முகர்ந்தாள்.