யார் போட்ட புரோகிராம்?

"எவன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க கனகராஜ். நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்!"

மார்கஸ் போட்ட சத்தத்தில், பிரிண்டர் மை வாங்க வந்திருந்த சீனப் பெண்மணி காசைக் கொடுத்துவிட்டு அவசரமாக வெளியே போனாள்.

ஜெலாப்பாங் கடைவரிசையில் கனகராஜின் கம்ப்யூட்டர் கடை சின்னது. ஒருவர் கத்தினால் கடை முழுக்கக் கேட்கும்.

"அப்பா, மெதுவா லா," என்றாள் கிளாரிசா. ஈப்போவில் கல்லூரி மாணவி. அவளுடைய லேப்டாப்தான் மேசைமேல் திறந்து கிடந்தது.

"என்ன மெதுவா? கேமரா லைட்டு தானா எரியுதுன்னு நீதானே சொன்ன? பொம்பளப் புள்ள ரூம்ல இருக்கிற கம்ப்யூட்டர். சும்மா விடச் சொல்றியா?"

கனகராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"உள்ள ஒண்ணு ஒளிஞ்சிருக்கும்மா. நீ தட்டுற ஒவ்வொரு எழுத்தையும் எடுக்குது. அப்பப்போ கேமராவத் திறந்து படமும் பிடிக்குது. எழுத்தையெல்லாம் ஒரு ஈமெயிலுக்கு அனுப்பிக்கிட்டே இருக்கு."

மார்கஸ் மேசையிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தார்.

அந்த ஈமெயில் கனகராஜுக்குத் தெரிந்த ஈமெயில். போன வருஷம் மார்கஸின் போனில் அதைத் திறந்து கொடுத்ததே அவர்தான்.

"இதக் கழட்ட கொஞ்சம் நேரமாகும்மா. பக்கத்து கோப்பித்தியாம்ல போயி ஏதாச்சும் குடிச்சிட்டு வா."

கிளாரிசா அப்பாவைப் பார்த்தாள். கனகராஜைப் பார்த்தாள். "சரி அங்கிள்" என்று உடனே எழுந்து போய்விட்டாள்.

கண்ணாடிக் கதவு மூடியது.

"ஏன் அண்ணே?" என்றார் கனகராஜ். குரலை உயர்த்தவில்லை.

மார்கஸ் தரையைப் பார்த்தார்.

"அவ அம்மா சிங்கப்பூர்ல வேலை. மாசத்துக்கு ஒருக்காதான் வாரா. நான் ஃபேக்டரிக்குப் போயிட்டா இவ வீட்டுல ஒத்தையா. கூட வேலை செய்யிற ஆளோட மக, கம்ப்யூட்டர்ல எவன்கிட்டயோ பேசிப் பேசி, ஒரு நாள் அவன நம்பிக் கிளம்பிப் போயிட்டா. இன்னும் தேடுறாங்க. அந்த மனுசன் கேன்டீன்ல உக்காந்து அழுதத நான் பார்த்தேன்."

"அதுக்கு?"

"இன்டர்நெட்ல தேடினேன். ஃப்ரீன்னு போட்டிருந்துச்சு. அவ குளிக்கப் போன நேரத்துல ஏத்திட்டேன்."

கனகராஜ் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினார்.

"இங்க பாருங்க. உங்களுக்குப் போறது எழுத்து மட்டும்தான். இன்னொரு காப்பி, படத்தோட சேர்ந்து வேற எங்கயோ போகுது. எந்த ஊருன்னு எனக்கே தெரியல. ஃப்ரீயா குடுத்தவன் சும்மாவா குடுப்பான்? அவ பேங்க் பாஸ்வர்ட், அவ எழுதினது, அந்தக் கேமரா பிடிச்ச படம், எல்லாம் அவன்கிட்ட இருக்கு."

மார்கஸ் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆண்டவரே... படமுமா?"

"படமும்தான்."

"படம் எடுக்கும்னே எனக்குத் தெரியாது கனகராஜ். எழுதுறத மட்டும்தான்னு நெனச்சேன். சத்தியமா." கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். "அவளக் காப்பாத்தணும்னுதான்..."

"தெரியுது அண்ணே. ஆனா திருடன் வரக்கூடாதுன்னு நெனச்சு, நீங்களே வீட்டுச் சாவிய அவன்கிட்ட குடுத்திட்டீங்க."

கனகராஜ் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, அதைக் கழற்றத் தொடங்கினார்.

"அவகிட்ட சொல்லப் போறீங்களா?" என்று கேட்டார் மார்கஸ்.

"யார் போட்டதுன்னு சொல்றது என் வேலை இல்ல. கழட்டுறதுதான் என் வேலை. சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

கிளாரிசா திரும்பி வந்தபோது அவள் கையில் மூன்று பங்கூஸ் தே ஆய்ஸ், பிளாஸ்டிக் பையில் கட்டிய ஐஸ் டீ, தொங்கிக்கொண்டிருந்தன. இருவருக்கும் ஆளுக்கொன்று நீட்டினாள்.

"எல்லாத்தையும் வழிச்சு எடுத்தாச்சு," என்றார் கனகராஜ். "ஏதோ ஃப்ரீ சாப்ட்வேர்ல வந்தது. இன்னைக்கே பாஸ்வர்ட் எல்லாத்தையும் மாத்திடு. பேங்க்ல சொல்லிடு. தெரியாத எதையும் ஏத்தாத, வேற யாரையும் ஏத்த விடாத."

"சரி அங்கிள்."

மார்கஸ் மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "புது பாஸ்வர்ட எனக்குக்கூட சொல்லாதம்மா. யார்கிட்டயும் சொல்லாத."

"சரிப்பா."

அவர் காரை எடுக்கப் போனார். கிளாரிசா லேப்டாப்பைப் பையில் வைத்தாள். கதவு வரை போனவள் நின்றாள்.

"அங்கிள், அத அப்பாதான் போட்டாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்கல்ல?"

கனகராஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படிம்மா?"

"என் ஃப்ரெண்டுக்கு மட்டும் எழுதின விஷயத்த, மறுநாள் சாப்பிடுறப்ப அப்பா கேட்டாரு. யாரு சொன்னாங்கன்னு தெரியாம முழிச்சேன். அப்புறம் கேமரா லைட்டு எரிஞ்சப்ப புரிஞ்சிருச்சு."

"தெரிஞ்சுமா ஒண்ணும் தெரியாத மாதிரி அவரையே இங்க கூட்டிட்டு வந்த? வீட்டுலயே கேட்டிருக்கலாமே!"

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் கேட்டிருந்தா, அப்புறம் அப்பாவால என் முகத்தப் பார்த்துப் பேசவே முடியாது, அங்கிள்."