இரவல் பசுமை

"உங்க மாமரத்தை வெட்டிடலாம் சார். இந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர் வெச்சா, பக்கத்து வீட்டு வேப்பமரமே நம்ம தோட்டம். பச்சை நமக்கு, குப்பை அவருக்கு" என்றார் கட்டடக் கலைஞர்.

"அது நான் வெச்ச மரம்" என்று மனைவி மன்றாடினாள். கணவர் செவிசாய்க்கவில்லை. மாமரம் வீழ்ந்தது, மாளிகை எழுந்தது.

வேலை முடியும்வரை வெளியூரில் வாடகை வீட்டிலிருந்தவர்கள் குடிபுகுந்த அன்று, கணவர் பெருமிதத்தோடு திரையை விலக்கினார். வேம்பைக் காணோம். அங்கும் ஒரு கண்ணாடிச் சுவர் நின்றது.

தானும் வெளியூரில் தங்கியிருந்து அன்றுதான் திரும்பிய பக்கத்து வீட்டுக்காரர் மதிலோரம் பதறி வந்தார். "உங்க மாமரம் எங்க சார்? அதை நம்பித்தானே என் வேம்பை வெட்டினேன். உங்க ஆர்க்கிடெக்ட்தானே எனக்கும் யோசனை சொன்னாரு?"

மனைவி திரையை மெல்ல இழுத்து மூடினாள். "விடுங்க. இனிமே ரெண்டு வீட்லயும் குப்பை விழாது."