தாடை வலியும் ஜன்னல் சீட்டும்

ரத்னா இரண்டு கைகளாலும் மாசானத்தின் கன்னங்களை ஏந்திக்கொண்டு, அவன் முகத்தையே உற்றுப் பார்த்தாள். மாசானம் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டான்.

"வாயைத் திறங்க. இன்னும் கொஞ்சம். வலிக்குதா?"

"உசுரே போவுதும்மா!"

ஸ்ரீபெரும்புதூரில், எஸ்.டி.டி. பூத்துக்கு மாடியில் இருந்தது ரத்னாவின் பிசியோதெரபி கிளினிக். வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தவன் மாசானம் ஒருவன்தான்.

ஒரு வருஷமாக வலது தாடையில் வலி. பல் டாக்டர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். பல் போனது, வலி போகவில்லை. காது டாக்டர் சொட்டு மருந்து விட்டார். காது குளிர்ந்தது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் மற்றவர்கள் கோழிக்காலோடு மல்லுக்கட்டும்போது, இவன் ரசத்தில் இட்லியை ஊறப்போட்டு விழுங்கிக்கொண்டிருந்தான்.

"தூங்கும்போது எந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுப்பீங்க?"

"ரூம்ல எங்கம்மா தூங்குதேன்? ஓ.டி. முடிச்சுப் போனா நம்ம பாயில வேற ஷிப்டுக்காரன் குறட்டை விட்டுட்டுக் கெடப்பான். நமக்குத் தூக்கமெல்லாம் கம்பெனி பஸ்லதான். தாம்பரத்துல ஏறினா மண்ணூர்ல கம்பெனி கேட்டு வந்ததும் யாராச்சும் உலுக்குவான்."

"மணிமங்கலம் வழியா வருமே, அந்த பஸ்ஸா?"

"அதேதாம்மா."

ரத்னாவின் விரல்கள் ஒரு நொடி நின்றன. பிறகு தாடை எலும்பை இன்னும் அழுத்திப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"புரிஞ்சுபோச்சு. ஜன்னல்ல தாடையைச் சாய்ச்சுத் தூங்கறீங்க. ரோட்டுல இருக்கிற பள்ளமெல்லாம் உங்க தாடையிலதான் இடிக்குது. ஒத்தடம், எக்சர்சைஸ் எல்லாம் நான் குடுக்கிறேன். ஆனா நாளையிலேருந்து அந்த டிரைவர் பக்கம் மூணாவது சீட்டுல நீங்க உக்காரவே கூடாது."

மாசானத்துக்குப் புல்லரித்தது. "தாடையைத் தொட்டே சீட்டைச் சொல்லிட்டியளேம்மா! படிச்சவுக படிச்சவுகதான்."

ஆனால் சொன்ன மாத்திரத்தில் விட்டுவிடக்கூடிய சீட்டா அது? அந்த பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டுக்கும் எழுதாத பட்டா உண்டு. உட்கார்ந்து அனுபவிக்கிறவனுக்குச் சொந்தம். அவனாகப் பார்த்துக் கைகாட்டினால்தான் அடுத்தவனுக்கு. அதிலும் மூணாவது ஜன்னல், மெயின் ரோட்டில் மூலை மனை மாதிரி. வெயில் விழாது, கீழே சக்கரம் கிடையாது.

மணிமங்கலத்தில் ஏறும் குவாலிட்டி செக்‌ஷன் ஜோயல் அந்த சீட்டுக்காக நாக்கைத் தொங்கப்போட்டு அலைந்தவன். அவனுக்கு வாய்த்தது கடைசி வரிசையின் நடு சீட். ஒவ்வொரு வேகத்தடைக்கும் தலை கூரையைத் தொட்டுவிட்டு வரும். கிறிஸ்துமஸ் பிரியாணி, தீபாவளிக்கு ஷிப்ட் மாற்றிக்கொள்வது என்று விலையை ஏற்றிக்கொண்டே போய்ப் பார்த்தான். மாசானம் படியவே இல்லை. தூக்கத்துக்கு விலை உண்டா?

அப்படிப்பட்ட மாசானம், மறுநாள் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் தானாகவே போய் ஜோயலைப் பிடித்தான்.

"அண்ணே, அந்த சீட்டை இனிமே நீங்களே வச்சுக்கிடுங்க. நான் ஒங்க எடத்துக்குப் போயிருதேன்."

ஜோயல் கொட்டாவி விட்டான். "இப்போ அதுக்கு இன்னாப்பா அவசரம்? எனக்குப் பின்சீட்டு பழகிப்போச்சு. காத்தோட்டமா கீது."

"அப்படிச் சொல்லாதியண்ணே! டாக்டரம்மா கண்டிசனா சொல்லிட்டாவ. கண்டவனுக்குக் குடுக்க மனசு வரல."

"வாணாம்பா. நாளைக்கே வலி போச்சுன்னு திருப்பிக் கேப்ப."

"எங்க ஆத்தா சத்தியமா கேக்கமாட்டேன்."

"சரி, இவ்ளோ கெஞ்சறியேன்னு ஒத்துக்கறேன். ஒரு டீ சொல்லு. பன்னும் சொல்லு."

சரக்கையும் சும்மா கொடுத்து, டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்த வியாபாரியை அந்த டீக்கடை அன்றுதான் பார்த்தது.

பின்சீட்டில் சாய்வதற்கு ஜன்னல் கிடையாது. மாசானம் கைகளைக் கட்டிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் தூங்கினான். வேகத்தடை வந்தால் எழுந்தான், தாண்டியதும் தூங்கினான். வாரத்துக்கு இரண்டு தடவை ரத்னாவிடம் போய் ஒத்தடம் வாங்கிக்கொண்டான்.

தாடை மெல்ல இளகியது. ஒரு மாதம் கழித்து மெஸ்ஸில் கோழிக்காலை எலும்போடு சேர்த்துக் கடித்தபோது, மாசானத்தின் கண்ணில் நீரே வந்துவிட்டது.

மறுநாளே கோவில்பட்டி கடலை மிட்டாய் ஒரு பெரிய பாக்கெட் வாங்கிக்கொண்டு, தானும் ஒன்றைக் கடக்முடக்கென்று மென்றபடி கிளினிக் படியேறினான். டாக்டரம்மா காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்திருந்தான்.

பெஞ்சில் யாரும் இல்லை. உள்ளே திரை இழுத்துவிட்டிருந்தது. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனகல் சத்தம்.

"ஐயய்யோ, மெதுவாடீ! வலது பக்கம்டீ! பத்து நாளா வாயத் தொறக்க முடியல, நீ வூட்ல ஆட்டுக்கால் வறுத்து வெச்சுக்கினு வேடிக்கை காட்டற!"

மாசானம் மெல்லுவதை நிறுத்தினான். ஜோயல் அண்ணன் குரல்!

"கத்தாதீங்க, ஆளுங்க வர்ற நேரம்" என்று அதட்டியது ரத்னாவின் குரல். "உங்களுக்கு அந்த சீட்டு கெடைக்கட்டும்னு நான் அடிச்சுவுட்ட கதை, நெஜமாயிடும்னு எனக்கு இன்னா தெரியும்?"