கொராலியின் ரத்தம்

"எவன்டா எங்க அக்கா ரத்தத்தைக் குடிச்சவன்?"

கதவை உதைத்துத் திறந்துகொண்டு உள்ளே வந்தான் எமில்.

அன்செல்மின் கடைக்குப் பின்னால் இருக்கும் சமையலறையில் நாங்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தோம். பாலத்தடியில் படுத்துக்கிடப்பவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. நியூ ஆர்லியன்ஸில் திங்கட்கிழமை வேறென்ன, சிவப்பு பீன்ஸும் சோறும்தான்.

எமில் எங்கள் கொராலியின் தம்பி. எங்களைக் கண்டாலே அவனுக்கு ஆகாது.

நாங்கள் எங்களை வாம்பயர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். சவப்பெட்டியில் தூங்குவதில்லை. காலையில் எழுந்து பஸ் பிடித்து வேலைக்குத்தான் போகிறோம். ஆனால் எப்போதாவது நாலு சொட்டு மனித ரத்தம் உள்ளே போகாவிட்டால் எங்களுக்கு உடம்பு நிற்பதில்லை. மனசார விரலை நீட்டுகிறவர்களிடம் மட்டும் வாங்கிக்கொள்வோம்.

கொராலி அப்படி விரல் நீட்டியவள். போன குளிர்காலத்தில் அவள் உடம்பு இளைத்துப்போனதைப் பார்த்து, "இனிமே யாரும் அவகிட்ட ஒரு சொட்டுகூட வாங்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னவர் அன்செல்ம். எங்கள் கூட்டத்துக்குப் பெரியவர் அவர்தான். சுற்றுலாப் பயணிகளுக்குப் பொய்க் கோரைப்பல் செய்து விற்பது அவர் பிழைப்பு.

"நேத்து அவ சட்டைக் கையைச் சுருட்டினப்போ பார்த்தேன்," என்றான் எமில். "ரெண்டு கையிலயும் ஊசி குத்தின தடம். கன்னிப்போய்க் கெடக்கு. பாத்திரம் கழுவும்போதே தலை சுத்தி உட்கார்ந்துட்டா. கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் விரல் நுனியைத் தாண்டிப் போவதே கிடையாது. எங்களில் யார் இதைச் செய்தது?

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எமில் அடுப்புப் பக்கம் போய்ப் பானைக்குள் எட்டிப் பார்த்தான்.

"பூண்டெல்லாம் போட்டிருக்கீங்க. ரத்தக்காட்டேரிக்குப் பூண்டு ஆகாதுன்னு சொல்வாங்களே? வெயில்லயும் நல்லாத்தான் சுத்துறீங்க. எல்லாம் வேஷம். எங்க அக்கா ரத்தம் மட்டும்தான் நிஜம், இல்ல?"

"உட்காரு தம்பி. பேசுவோம்," என்றார் அன்செல்ம்.

"யாருக்கு யாருய்யா தம்பி? குடிச்சது எவன்னு சொல்லு, போதும்."

அன்செல்ம் கரண்டியைக் கீழே வைத்தார்.

"நான்தான்."

அறைந்தான். அன்செல்மின் கண்ணாடி தெறித்துச் சுவரோரம் விழுந்தது. அவர் கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இனிமே அவளைத் தொட மாட்டேன்னு சொல்லு."

அன்செல்ம் அடுப்பைத் தணித்தார்.

"சொல்லுய்யா."

"அது என் கையில இல்ல எமில்."

எமில் அடுப்புப் பக்கம் திரும்பினான். பானையை ஒரே தள்ளு. அத்தனை பீன்ஸும் தரையில். சூடான குழம்பு என் காலில் தெறித்தது.

"பாலத்தடிக்குச் சோறு போட்டு நல்லவன் வேஷமா? தூ. அடுத்த தடவை ஊசித் தடம் பார்த்தேன், கடையோட கொளுத்திடுவேன்."

போய்விட்டான்.

மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கோட்டை எடுத்துக்கொண்டு, அன்செல்மின் முகத்தைப் பார்க்காமலே வெளியே போனார்கள். எனக்கு மட்டும் அப்படிப் போக முடியவில்லை.

"வெக்கமா இல்ல உங்களுக்கு?" என்றேன். "எங்களுக்கெல்லாம் சட்டம் போட்டுட்டு நீங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிச்சிருக்கீங்க. அதுவும் ஊசி போட்டு உறிஞ்சி. ஊர்ல நம்மளைப் பேய்னு திட்டறப்பெல்லாம், 'எங்க அன்செல்மை வந்து பாருங்க'ன்னு சண்டை போட்டவ நான்."

"ஓடெட், கால்ல தண்ணி ஊத்திக்கோ. கொப்பளிச்சிடும்."

"என் காலைப் பத்தி உங்களுக்கு என்ன? அவ செத்துப்போனா என்ன சொல்வீங்க? அப்பவும் 'என் கையில இல்ல'ன்னா?"

அவர் தரையில் மண்டியிட்டு பீன்ஸை வழித்து எடுக்க ஆரம்பித்தார். கண்ணாடி இல்லாமல் தடவித் தடவி.

"நான் போலீஸுக்குப் போறேன்," என்று மொபைலை எடுத்தேன்.

"வேண்டாம்மா." முதல் தடவையாக அவர் குரல் உடைந்தது. "நான் அவளைத் தொட்டு எத்தனையோ மாசமாச்சு. அது பிளாஸ்மா எடுக்கிற ஊசி, ரத்தத்துல இருக்கிற தெளிநீர். அதைக் காசு குடுத்து வாங்கற சென்டர் இருக்கு, வாரா வாரம் அங்க போய் வித்துட்டு வர்றா. கெஞ்சிப் பார்த்துட்டேன், கேக்க மாட்டேங்கறா."

"பிளாஸ்மாவை விக்கிறாளா? அப்படி என்ன தேவை அவளுக்கு?"

"அவளுக்கு இல்ல. எமில் சர்க்கரை வியாதிக்காரன். படகு வேலை போனதோட அவன் மருத்துவக் காப்பீடும் போச்சு. இன்சுலின் விக்கிற விலையில வேற வழி தெரியல அவளுக்கு. ஏதோ தர்ம ஆஸ்பத்திரியில சும்மா குடுக்கறாங்கன்னு அவனை நம்ப வெச்சிருக்கா. காலையில போன் பண்ணி அழுதா. அவன் வந்து கேட்டா, நீங்கதான்னு சொல்லிடுங்கன்னு."

"அதுக்காக இப்படி அடி வாங்கணுமா? உண்மையை அவன் முகத்துலயே சொல்லியிருக்கலாமே."

அன்செல்ம் நிமிர்ந்து பார்த்தார். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது.

"சொன்னா அந்த இன்சுலின் ஊசியை அவன் போட்டுக்குவானா? இப்ப என்னைத் திட்டிக்கிட்டேயாவது போய்ப் போட்டுக்குவான் இல்ல?"