முதல் காய்ப்பு

கலிபோர்னியாவில், பிளசன்டன் நகரின் இந்தத் தெருவில் கிரேக்கக் குடும்பங்களே அதிகம். செப்டம்பர் பிறந்தால் வீட்டுக்கு வீடு அத்தி பறிக்கிறார்கள். எலேனி வீட்டு மரம் இந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பர்வதத்திடம் கூடையைக் கொடுத்து, "நீயே ஆரம்பித்து வை" என்கிறாள். சாய்ந்த வெயிலில் பழங்கள் வெடித்துத் தேன் கசிய, குளவிகள் இரைகின்றன. பர்வதம் ஒரு பழத்தின் காம்பைத் திருகுகிறாள். "இரு கண்ணு, நீ கை வெக்காத," என்கிறாள் கூட வந்த சாந்தாமணி ஆண்ட்டி, சிரித்தபடியே. "முதல் காய்ப்பப் புள்ள பெத்தவதான் பறிக்கோணும். உனக்குத்தான் இத்தன வருஷமா ஒண்ணையுங் காணமே! அந்தம்மாகிட்டயும் சொல்லிப்போடு, எனக்கு அத்தன இங்கிலீஷ் வராது." எலேனி இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். "என்ன சொல்கிறார்?" பர்வதம் காம்பிலிருந்து விரல்களை எடுக்கிறாள். "அத்தி எனக்கு அலர்ஜி. அதைத்தான் ஞாபகப்படுத்துகிறார்," என்கிறாள் ஆங்கிலத்தில். எலேனி பதறிப்போய்க் கூடையைப் பிடுங்கி ஆண்ட்டியிடம் நீட்டுகிறாள். தோட்டத்துக் குழாயைத் திறந்து, பர்வதத்தின் விரல்களில் ஒட்டிய அத்திப்பாலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறாள். ஆண்ட்டி முதல் பழத்தைப் பறித்துக் கூடையில் போடுகிறாள். "பாத்தியா, சொன்னதும் புரிஞ்சுக்கிட்டா. அவங்க ஊர்லயும் இதே வழக்கந்தானாட்ட இருக்குது!"