எதேச்சையாக ஒரு செய்தி

"குரல் கொஞ்சம் நடுங்கணும்மா. அப்பத்தான் நம்புவாங்க," என்றார் வானொலி நிலைய மேலாளர். செய்தி வாசிப்பவள் தலையாட்டிவிட்டு, அவர் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டாள்.

முந்தின நாள் காலைச் செய்தியில், சாய ஆலையின் கழிவு குடிநீர்க் குழாயில் கலந்திருப்பதை அவள் சொல்லியிருந்தாள். மேலாளர் வேண்டாமென்று அடித்துவிட்ட செய்தி அது. நிலையத்துக்குப் படியளக்கிற விளம்பரமே அந்த ஆலையுடையதுதான். இவளோ தாளைப் பார்க்காமல் மனப்பாடமாகச் சொல்லிவிட்டாள்.

அப்போதே வேலையைவிட்டுத் துரத்தியிருப்பார். துரத்தினால் செய்தி உண்மை என்று ஊரே பேசும். பொய் என்று அறிவித்தாலோ, அதை நம்பித் தண்ணீரைக் குடித்தவர்கள் நாளைக்கு வழக்குப் போடுவார்கள். மண்டையைக் குடைந்துகொண்டு, இரண்டிலும் மாட்டாமல் நழுவ ஒரே ஒரு வாக்கியத்தை அவரே எழுதியிருந்தார்: 'நேற்று அந்தச் செய்தியை நான் எதேச்சையாக வாசித்தேன்.' ஏதோ வாய்தவறி வந்துவிட்டது போலிருக்கிறது என்று கேட்பவர்களே முடிவுகட்டிக்கொள்வார்கள்.

"இதை இப்படியேவா வாசிக்கணும், சார்?"

"ஒரு எழுத்து மாறக் கூடாது."

ஒலிபரப்பு அறைக்குள் நுழையும்போது தங்கையிடமிருந்து போன் வந்தது. அக்காவை மறுப்பு வாசிக்கச் சொல்லியிருக்கும் விஷயம் அவள் காதுக்கும் எட்டியிருந்தது. தன் மகள் வாந்தியெடுத்துத் துவண்டு கிடப்பதைச் சொல்லி, வேலை போனால் போகட்டும், பல்டி மட்டும் அடித்துவிடாதே என்று அழுதாள்.

"எழுதிக் கொடுத்ததை வாசிக்கப் போறேன். அவ்வளவுதான்," என்றாள் அக்கா. தங்கை பட்டென்று போனை வைத்துவிட்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக்கை இயக்கும் இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மேலாளர்.

"நேற்று அந்தச் செய்தியை நான் எதேச்சையாக வாசித்தேன்."

குரல் நடுங்கவில்லை. ஆனாலும் மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்ஜினியரின் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

அவள் அடுத்த செய்திக்குப் போகவில்லை. தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"எதேச்சை என்றால் தற்செயல் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு. தன் விருப்பப்படி என்பதுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள்."

மேலாளருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் மைக்கை அணைக்கச் சொல்லிக் கத்தினார். இன்ஜினியர் கைகளைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மேலாளருக்குத் தெரியவில்லை.

அவள் கண்ணாடி வழியே அவரை நேராகப் பார்த்தாள். செய்திக் குரலை விட்டுவிட்டு, வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள்.

"என் இஷ்டப்படிதான் சொன்னேன். இன்னைக்கும் சொல்றேன், அந்தத் தண்ணியைக் குடிக்காதீங்க."